‘அ’ வரிசையில் விடுபட்ட அட்டை

பேரன்பும் பெருமதிப்பும் உடைய, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் முழு வரலாற்றுக் களஞ்சியத் தொகுப்பாசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற ஒளிபரப்பு உதவியாளன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். மூன்று தொகுதிகளையும் இத்தனை பொடி எழுத்தில் அச்சிட்ட தங்கள் கண்களும் நலமாக இருக்க வேண்டும்.

என் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை இந்தப் புத்தகங்களைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறோம், ஏனென்றால் அவற்றை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. ‘குடையை மடிப்பது எப்படி, நான்கு நிமிடம், ஒரே ஒருமுறை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒளிபரப்பிய நானே மறந்துபோன குடை அது. செய்தி வாசித்தவர் தும்மியது அடிக்குறிப்பில் இருக்கிறது, எத்தனை தும்மல் என்பதும் இருக்கிறது. காற்றில் போனது போனதுதான் என்று நினைத்தே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒன்றும் போகவில்லை, எல்லாவற்றையும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இனி குறை. நாடகத்தின் ஒரு நாடா முடிந்ததும் அடுத்ததை மாட்டுவதும், நாடா மக்கர் செய்தால் கேமரா முன்னால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டையை வைப்பதும்தான் நிலையத்தில் என் வேலை. எந்த நாடகமும் அந்த அட்டை அளவுக்கு ஓடியதில்லை. எங்களுக்கு அது வெறும் ‘அட்டை’. அதனால் நானும் ‘அட்டை’. நாற்காலியில் ஒட்டிக்கொண்டால் எழுந்திருக்க மாட்டான் என்ற கிண்டலும் அதில் உண்டு. உண்மைதான், பெருமையாகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரி பின்தெருவிலேயே இருந்தும், மகள் பிறந்த அன்றுகூட நான் எழுந்திருக்கவில்லை. அதற்காக முப்பத்தோரு வருஷமாக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். காபி ஆறிப்போனால்கூடப் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அட்டை உங்கள் புத்தகத்தில் இருந்தால், இதுக்காகத்தான் வரலைன்னு அவளிடம் காட்டலாமே என்று ஆசையோடு ‘அ’ வரிசையைத் திறந்தேன். இருந்தது ஐயா. ‘அட்டை: காட்டு உயிர்கள் தொடர், பத்து நிமிடம்.’ ரத்தம் குடிக்கிற அட்டை. அதுக்குப் படம் வேற போட்டிருக்கீங்க. குடைக்கு இடம் இருக்கு, தும்மலுக்கு இடம் இருக்கு, எங்க அட்டைக்கு இல்லையா? அடுத்த பதிப்பில் இரண்டு வரி போதும். ஒரு வரி என்றாலும் சரி.

தங்கள் குடும்பத்தாரும், பிழை திருத்தியவரின் கண்ணும், இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொடுக்கும் கடைக்காரரின் முதுகும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அட்டை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “டிவி பார்க்கிறவங்க யாரு அதை அட்டைன்னு சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் ‘த’ வரிசையைத் திறந்தாள். ‘தடங்கல்’, பதினெட்டுப் பக்கம். தேதி, நேரம், காரணம் எல்லாம் இருக்கிறது. அவள் விரல் ஒரு வரியில் நின்றது. மகள் பிறந்த தேதி, மாலை 7.40 முதல் 8.03 வரை. ‘காரணம் தெரியவில்லை. விவரம் அறிந்தோர் எழுதவும்.’

ஐயா, எழுந்திருக்கவில்லை என்று மேலே எழுதியது பொய். அன்று முதல் நாடா முடிந்ததும் அட்டையை வைத்துவிட்டு ஓடினேன். பிள்ளையையும் தூங்குகிறவளையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஓடிவந்து ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்துகொண்டேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போது தட்டுத்தடுமாறி அவளிடம் சொல்லி முடித்தேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

“ஆஸ்பத்திரி டிவில நாடகம் நின்னு தடங்கல் வந்ததும் வார்டே திட்டிச்சு. நீங்க கிளம்பிட்டீங்கன்னு எனக்கு மட்டும் தெரியும். நான் முழிச்சிருந்தா பேசிக்கிட்டே நின்னுடுவீங்க, வேலை போயிடும்னுதான் கண்ணை மூடிக்கிட்டேன்.”

பிறகு ஏன் முப்பத்தோரு வருஷம் திட்டினாய் என்று கேட்டேன்.

“நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

ஆகவே களஞ்சியத்தில் எதையும் சேர்க்க வேண்டாம். ‘காரணம் தெரியவில்லை’ என்பதும் அப்படியே இருக்கட்டும். பதினெட்டுப் பக்கத்தில் உள்ள மற்ற தடங்கல்களுக்கெல்லாம் இன்றும் வருந்துகிறேன். அந்த ஒன்றுக்கு மட்டும் வருந்தவில்லை.