முன்சக்கர விசுவாசம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சக்கர வரலாற்றில் நடந்த அடுத்த மாபெரும் நிகழ்ச்சி, அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர் ஒரு திங்கட்கிழமை காலையில் மலைச் சைக்கிளில் வேலைக்கு வந்ததுதான். இடையில் ரயில், விமானம் என்று சில்லறை விஷயங்கள் சில நடந்திருக்கலாம். அவற்றை எந்த அலுவலகமும் வாசலில் திரண்டு நின்று கைதட்டி வரவேற்றதாகத் தகவல் இல்லை.

அந்த ஊரில் மலை கிடையாது. இருப்பதிலேயே உயரமான இடம், ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலம். ஆனால் வயிற்றைக் குறைத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலாளரோ சாதாரணச் சைக்கிளில் ஏறக்கூடிய சாதாரண மனிதர் அல்ல. எனவே பெரிய கடை ஒன்றில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் துணி உலர்த்தும் ஸ்டாண்டுகளுக்கும் நடுவே நின்றிருந்த மலைச் சைக்கிள்களில் மிக மலிவானதைத் தேர்ந்தெடுத்து அட்டைப் பெட்டியோடு வாங்கினார். பருத்த டயர், முன்னால் ஸ்பிரிங், எண்ணி மாளாத கியர்கள். அந்தக் கியர்களில் பலவும் ஒரு மரியாதைக்காக இருந்தன. சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: "மலைப் பாதைகளில் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல."

கடையில் பூட்டித் தருவதற்குத் தனிக் கூலி. மேலாளருக்கு அது தண்டச் செலவாகப் பட்டது.

"நானே பூட்டினேன்," என்று வாசலில் நின்று அறிவித்தார். "கூட வந்த புத்தகத்தப் பிரிக்கவே இல்ல. மனுஷனுக்குக் காமன்சென்ஸ் இருந்தாப் போதும்."

காமன்சென்ஸ் பலமாகப் பாராட்டப்பட்டது. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தவர் தலைமைக் கணக்கர். அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட மாட்டார், சொல்ல வேண்டியதைக்கூட.

நிதானத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மேலாளர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று காலியாகக் கிடந்தது. துணை மேலாளர் அறை. முன்பிருந்தவர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்தச் சுழல் நாற்காலி யாருக்கோ காத்திருந்தது. மதிய இடைவேளையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நிதானம் ஒருமுறை அதில் உட்கார்ந்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததும் உண்டு. அன்று முதல் தன் பழைய மர நாற்காலி அவருக்குக் குத்த ஆரம்பித்தது. அவருக்குப் போட்டியாக இருந்தவர் கொள்முதல் பிரிவுக்காரர். மேலாளர் தும்மினால் இவர் கைக்குட்டையோடு நிற்கும் ரகம்.

மேலாளர் சைக்கிளில் வந்த வாரம் முடிவதற்குள் நிதானம் அதே கடைக்குப் போய், அதே சைக்கிளை, அதே நிறத்தில் வாங்கிவிட்டார். ஒரே ஒரு வித்தியாசம்: கூலி கொடுத்துக் கடையிலேயே பூட்டி வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக வாட்ஸப் குழுவில் மேலாளர் தன் சைக்கிளோடு நிற்கும் படம் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடு கைகளும் பூங்கொத்துகளும். நிதானமும் பூங்கொத்து ஒன்றை அனுப்பிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் சைக்கிளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஏதோ உதைத்தது.

"இங்க வந்து பாரேன், இது ரெண்டும் ஒண்ணுபோல இல்லையே," என்று மனைவியை அழைத்தார்.

அவர் மனைவி அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கே ரெண்டு கால், அந்த ஃபோர்க்கத் திருப்பி மாட்டியிருக்காருங்க உங்க மேனேஜர். முன்னாடி இருக்கவேண்டிய பிரேக்கு பின்னாடி போயிருக்கு பாருங்க. சக்கரம் பெடல்கிட்ட வந்துருச்சு. வளைக்கும்போது கால் போய்ச் சக்கரத்துல மாட்டும்."

"மாட்டினா?"

"தலைகுப்புற விழுவாரு. அப்புறம் எங்க வார்டுதான். போன் பண்ணிச் சொல்லிடுங்க."

நிதானம் போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டுச் சிந்தித்தார். 'நானே பூட்டினேன்' என்று ஊரறியச் சொன்ன ஒரு மனிதரிடம், 'நீங்கள் பூட்டியது தப்பு' என்று எப்படிச் சொல்வது? அதைவிட முக்கியம், நாளைக் காலை இரண்டு சைக்கிள்களும் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று சரி, மற்றது தப்பு என்று சைக்கிள்களே சொல்லிவிடும். சரியான சைக்கிளை வைத்திருப்பது இவ்வளவு பெரிய ஆபத்து என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தெருமுனை ரிப்பேர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இந்த ஃபோர்க்கைத் திருப்பி மாட்டணும்."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "சரியாத்தானே சார் இருக்கு?"

"தெரியும். தப்பா மாட்டுங்க."

"தப்பா மாட்டினாக் கூலி ஜாஸ்தி ஆகும் சார். சரியா மாட்டறதுன்னா கை பழக்கத்துல தானாச் செஞ்சிடும். இதுக்கு யோசிச்சு யோசிச்சு மாட்டணும்."

"யோசிங்க," என்றார் நிதானம்.

மறுநாள் காலை, மேலாளர் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிதானத்தின் சைக்கிள் அச்சு அசலாக நின்றது. மேலாளர் அதை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்தார். கண்ணில் ஏதோ ஒரு யோசனை ஓடியது.

"ஏங்க, உங்களுக்கும் வளைக்கும்போது கால் இடிக்குதா?"

கேட்டவர் சும்மா கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நேரே பின்னால்தான் நிதானத்தின் கண்ணுக்குக் கண்ணாடிக் கதவு தெரிந்தது.

"இடிக்குது சார். இடிச்சாத்தான் சார் மலைச் சைக்கிள்."

"அப்படியா?" மேலாளரின் முகம் தெளிந்தது. "அப்போ சரி."

கொள்முதல் பிரிவுக்காரர் சும்மா இருப்பாரா? அந்த வாரமே அவரும் வாங்கினார். வாங்கிய கையோடு திருப்பினார். பிறகு வரவேற்பு மேசை, பிறகு தபால் பிரிவு. ரிப்பேர் கடைக்காரருக்குத் தப்பாக மாட்டுவதில் கை பழகிவிட்டது, கூலியைக்கூடக் குறைத்தார். திருப்பங்களில் பாதத்தைப் பெடலிலிருந்து தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொள்ளும் 'முறை' ஒன்று அலுவலகத்தில் உருவாகி, புதிதாக வந்தவர்களுக்கு முறைப்படி கற்பிக்கப்பட்டது. எல்லோருடைய வலது ஷூவும் முனையில் தேய்ந்து வாயைப் பிளந்தது. பிளக்காத ஷூவோடு வந்தவரை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்த எழுச்சியைக் கண்டு நெகிழ்ந்த மேலாளர், 'ஊழியர் நல மலைப் பயணம்' ஒன்றை அறிவித்தார். மலைக்குப் பதிலாக மேம்பாலம் ஒருமனதாக நியமிக்கப்பட்டது. ஏறி, மறுபக்கம் இறங்கி, கீழே உள்ள வளைவில் திரும்பி அலுவலகம் வந்து சேர வேண்டும்.

பயணத்தன்று காலை மனைவி வாசலில் வழி மறித்தாள்.

"ஏங்க, இன்னும் சொல்லலையா நீங்க? அந்த இறக்கத்துல வேகமா வந்து வளைச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"சொல்லிடறேன், சொல்லிடறேன்."

"நாற்காலி எங்கயும் ஓடிடாது. தோள்பட்டை எலும்பு ஒடஞ்சா நான்தான் கட்டுப் போடணும்."

நிதானம் உண்மையிலேயே சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கிளம்பினார். வழி நெடுக வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டார். பாலத்தின் உச்சியில் மேலாளர் மூச்சு வாங்கியபடி நின்றபோது பக்கத்தில் போய் நின்றார்.

"சார், இந்த இறக்கத்துல..."

"என்ன இறக்கத்துல?"

பின்னால் கொள்முதல் பிரிவுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். நிதானம் வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

"காத்து நல்லா வரும் சார்."

காற்று நன்றாகத்தான் வந்தது. மேலாளர் இரண்டு கையையும் பிரேக்கில் வைத்துக்கொண்டு, கோட்டையைப் பிடித்த தளபதி போலப் பறந்தார். கீழே வளைவு வந்தது. வளைத்தார். வலது காலைத் தூக்க மறந்தார். ஷூ முனை முன்சக்கரத்துக்குள் போனது, சக்கரம் நின்றது, மேலாளர் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களும் விழுந்தார்கள். சிலர் தடுமாறி விழுந்தார்கள். கொள்முதல் பிரிவுக்காரர் மட்டும் வண்டியை நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதன் பிறகு விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

நிதானம் விழவில்லை. பயத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருந்தார். கீழே வந்து மேலாளரின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். 'ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை' என்று மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஆம்புலன்ஸ் வரும்வரை நீடித்தது.

மாலையில் அவர் எலும்பு முறிவு வார்டுக்குப் போனார். மேலாளருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு பற்களும் போயிருந்தன. நிதானத்தின் மனைவிதான் அவருடைய கையைத் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

"வாங்க," என்றார் மேலாளர், உதட்டு வீக்கத்துக்கு இடையே. "தலைமை அலுவலகத்துக்குப் போன்ல சொல்லிட்டேன். துணை மேலாளரா உங்களத்தான் போடச் சொல்லியிருக்கேன்."

நிதானத்துக்குக் கண் கலங்கியது. பல வருட விசுவாசம் வீண் போகவில்லை.

"ஏன் தெரியுமா?" மேலாளர் தொடர்ந்தார். "சைக்கிள் பூட்டின அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். கால் இடிக்குதேன்னு கடைக்கே கொண்டுபோகலாம்னு இருந்தேன். அப்புறம் உங்க சைக்கிளப் பாத்தேன். கடையில பூட்டின அதுவும் அதே மாதிரிதான் இருந்துச்சு. உங்களக் கேட்டேன், நீங்களும் இடிக்கும்னு சொன்னீங்க. நிதானமான மனுஷன், தப்பாச் சொல்ல மாட்டாருன்னு அதோட விட்டுட்டேன். இன்னைக்குக்கூட உங்கள நம்பித்தான் இறங்கினேன். என் கெட்ட நேரம், விழுந்துட்டேன். ஆனா நம்பிக்கையான ஆளுன்னா ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான்."

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். பணிவாகத்தான் தெரிந்தது.

துணித் தொட்டிலின் கடைசி முடிச்சைப் போட்டு முடித்த நர்ஸ், மேலாளரின் தோளைப் பதமாகத் தலையணையில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்:

"கடையிலேர்ந்து வீட்டுக்கு வந்தப்போ இவர் சைக்கிள் சரியாத்தான் சார் இருந்துச்சு. மறுநாள் காசு குடுத்து இவரே தப்பாத் திருப்பிக்கிட்டாரு."

அந்த அலுவலக வரலாற்றில் மேலாளரிடம் ஒருவர் உண்மையைச் சொன்னது அதுவே முதல் முறை. சொன்னவர் அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அல்ல.