உமி விளக்கும் மாமனார் நெல்லும்

கல்யாணமாகாத வாலிபன் கையில் ஓர் எந்திரத்தைக் கொடுத்து, அதைப் பார்க்க வருங்கால மாமனாரையும் அனுப்பி வைக்கக் கூடாது, பிள்ளைகளே. ஒன்று எந்திரம் கெடும், அல்லது சம்பந்தம் கெடும். எனக்கு நெல் கெட்டது.

எழுபதுகளில் நான் தென்காசியில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். (படிப்பு எட்டாம் வகுப்பு; பேச்சு இன்ஜினியர்.) உமியை எரித்து ஆவி எடுத்து, அந்த ஆவியில் நெல்லை அவிப்போம். மூலையில் ஒரு பழைய நீராவி இன்ஜின் துருப்பிடித்துக் கிடந்தது. ஆவியை முதலில் அதற்குள் விட்டால் டைனமோ சுற்றும், விளக்கு எரியும். இன்ஜினை விட்டு வெளியே வருகிற ஆவியிலேயே நெல்லையும் அவிக்கலாம். ஒரே உமி, இரண்டு வேலை! கரண்டு அடிக்கடி போகிற காலம். "செஞ்சுதான் பாரேன்" என்றார் முதலாளி.

அப்போதுதான் கடையத்தில் உங்கள் அம்மாவை எனக்குப் பேசியிருந்தார்கள். உங்கள் தாத்தாவுக்கு என் வேலை பிடிக்கவில்லை. "உமி அள்ளிப் போடுத பயலுக்கா பொண்ணக் குடுக்கது?" என்றாராம். ரோஷம் வந்துவிட்டது. அவர் நெல் எங்கள் ஆலைக்குத்தான் வரும்; கூடவே அவரும் வருவார். அதை அவிக்கிற அன்றைக்கே இன்ஜினை ஓட்டிக் காட்டிப் பெண் கேட்பது என்று முடிவு கட்டினேன். குற்றாலச் சாரல் உமியை நனைத்துவிடாமல் தார்ப்பாய் போட்டுக் காவல் காத்தேன்.

மாமனார் முன்னால் இன்ஜின் கிறீச்சிடலாமா? காலையிலிருந்தே சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றினேன். குடித்தது. இன்னும் ஊற்றினேன்.

இன்ஜின் பூனை மாதிரி ஓடியது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஏ யப்பா! உமியிலயா வே எரியுது?"

"ஆமா மாமா. உங்க நெல்லும் அதுலயேதான் வேகுது." (மாமா! அதற்குள்!)

தாத்தாவின் முகம் கனிந்தது. அந்த நல்ல நேரம் பார்த்து அவிக்கிற கொப்பரையைத் திறந்து நெல்லைக் கொட்டினார்கள். பளபளவென்று இருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். கையை வேட்டியில் துடைத்தார். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"என்ன வே, நெல்ல அவிச்சீரா, பொரிச்சு எடுத்தீரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜினுக்குள் போன ஆவி, நான் ஊற்றிய எண்ணெயையெல்லாம் வழித்துக்கொண்டு போய் நெல்லில் சேர்த்திருக்கிறது!

"வெளக்கு இல்லாம இருந்துருவேன். சோறு இல்லாம இருக்க முடியாது" என்று வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. இன்ஜின் ஆவி நெல்லில் படவே கூடாது என்று, குழாயைச் சுருளாக வளைத்து, நெல் ஊறுகிற தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். ஆவி குழாய்க்குள்ளேயே ஓடித் தண்ணீரைச் சுட வைத்தது. நெல்லும் சீக்கிரம் ஊறியது, விளக்கும் எரிந்தது. அவிப்பதற்குப் பாய்லர் ஆவியை நேராக விட்டேன். அந்த அரிசியில் ஒரு பை சுமந்துகொண்டு கடையத்துக்கு பஸ் ஏறினேன்.

தாத்தா முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பொங்கச் சொன்னார். சோற்றை உங்கள் அம்மாதான் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டு முடித்தார். பிசுபிசுக்கிறதா என்று விரல்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆவணியில வச்சுக்கிடுவோம்" என்றார்.

வந்தது தலைதீபாவளி. மூத்த மாப்பிள்ளைக்குக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய். எனக்கு வெறும் கிண்ணம்.

"உங்களுக்கு எதுக்கு மாப்ள? நெல்ல அவிச்சாலே எண்ணெய் எடுத்துருவியளே!" என்றார் தாத்தா.

வீடே சிரித்தது. (உங்கள் அம்மாவின் சிரிப்புதான் பெரிது.) இன்றுவரை எந்தத் தீபாவளிக்கும் அந்தக் கிண்ணம் நிறையவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஏன் எண்ணெய்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைக்கிறார் என்று கேட்டீர்களே, இதனால்தான்.