இரண்டாயிரம் கோழிகளும் ஒரு காலி வாளியும்

பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவன் பிழைத்துக்கொள்வான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் பெங்களூரில் எலி மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். எலி ஒரு கட்டையை அழுத்தினால் சர்க்கரைத் தண்ணீர் வரும். அப்போது அதன் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் எவ்வளவு சுரக்கிறது என்பதை, தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழையை உள்ளே செருகி அளக்க வேண்டும். (வேண்டும் என்றுதான் சொன்னேன். இரண்டு வருடமாக இழைகள் உடைந்ததுதான் மிச்சம்.) "எலிக்கு என்னமோ பண்றான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்ததில் ஆறு இடம் தட்டிப்போயிருந்தது.

ஏழாவது இடம் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீடு. பெண் பெயர் சாந்தி. காபித் தட்டோடு வந்தவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிடமே முடிவுசெய்துவிட்டேன்.

அவள் அப்பா சும்மா இருக்காமல் கேட்டார்: "தம்பி, அந்த எலி வேலைல என்னதானுங்க பண்றீங்க?"

மூளை, பரிசு, டோபமைன் என்று அரை மணி நேரம் பொழிந்தேன். "பரிசு கிடைக்கறப்ப மட்டுமில்லைங்க மாமா, (அதற்குள் மாமா!) கிடைக்கப் போகுதுன்னு தெரிஞ்சாலே சுரக்கும்னு நினைக்கறோம்."

"அப்ப எங்க கோழிக்கும் சுரக்குமுங்களா?"

"வாங்க, இப்பவே காட்டறேன்" என்று எழுந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். எனக்கு உறைக்கவில்லை.

தரையில் கடலைத் தோல் பரப்பிய நீளக் கொட்டகை. இரண்டாயிரம் கோழிகள் காலாற நடந்துகொண்டிருந்தன. தீவனம் போடும் முன் தகர வாளியைத் தட்டுவது அந்தப் பண்ணையில் வழக்கம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நான் நட்ட நடு மத்தியானத்தில் வாளியை எடுத்தேன். சாந்தி வாசலில் நின்று பார்ப்பதால் நாலு தட்டு கூடுதலாகவே தட்டினேன்.

இரண்டாயிரம் தலையும் என் பக்கம் திரும்பின.

"பாத்தீங்களா மாமா, இப்ப அத்தனை மூளையிலயும் டோபமைன் சுரக்குது."

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தீவனம் எங்கீங்க தம்பி?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குள் கோழிகள் வந்து சேர்ந்துவிட்டன. முன்னால் வந்தவை திகைத்து நிற்க, பின்னால் வந்தவை அவற்றின் மேல் ஏற, நான் நின்ற மூலையில் மலையாகக் குவிந்தன. தண்ணீர்த் தட்டுகள் கவிழ்ந்தன. முட்டைப் பெட்டி ஒன்று சரிந்தது. ஒரு கோழி என் தலையில் உட்கார்ந்து, புதுச் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டுப் போனது.

"அடியில சிக்குனது மூச்சு முட்டிப் போயிருமே" என்று மாமா தலையில் கைவைத்தார்.

சாந்தி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கூடைத் தீவனத்தோடு ஓடி வந்து எதிர் மூலையில் கொட்டினாள். குவியல் கலைந்தது. நல்ல வேளை, ஒரு கோழிகூடச் சாகவில்லை. நான் மண்டியிட்டு, உடையாத முட்டைகளைப் பொறுக்கினேன். கல்யாணம் கைவிட்டுப் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

"எவ்வளவு சுரந்துதுங்க?" சாந்திதான் கேட்டாள்.

"அளந்தாத்தாங்க தெரியும்."

"இதுவரைக்கும் எத்தனை அளந்திருக்கீங்க?"

வாய் வரை ஒரு பெரிய எண் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "ஒண்ணுகூடச் சரியா வரலீங்க" என்றேன்.

அவள் உள்ளே போனாள். வீட்டுக்குள் நடந்த பேச்சு கொட்டகை வரை கேட்டது.

"வேண்டாங் கண்ணு. கோழி மிரண்டதுல ஒரு வாரத்துக்கு முட்டை நெம்பக் குறையும்."

"முட்டை பொறவு வந்துருமுங்கப்பா. தெரியாததத் தெரியாதுன்னு சொல்ற மாப்பிள்ளை வருமுங்களா?"

தையில் கல்யாணம். பிறகு நான் ஒழுங்காகவே அளந்தேன், பட்டமும் வாங்கினேன். அதைச் சொந்தத்தில் ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை போட்டுச் சோறு வரத் தாமதமானால், வரிசையே என் பக்கம் திரும்பும். "ஏனுங்க மாப்ளே, டோபமைன் ஏறுதுங்களா?"

"ஏறுதுங்க" என்பேன். வேறென்ன சொல்ல?

பக்கத்து இலையிலிருந்து சாந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிடுவாள். "ஏனுங்ணா, இவரு இலைக்கு மொதல்ல போட்டுருங்க. லேட்டானா வாளியத் தட்டிப்போடுவாரு."