டாக்டரின் பையும் என் கட்டைவிரலும்

என்னைப் போலத் திமிர் பிடித்த ஆள் ஆம்பூரில் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான். தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேஜையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். எவனைப் பார்த்தாலும் முதலில் அவன் செருப்பைத்தான் பார்ப்பேன். அதிலேயே பாதி மரியாதை போய்விடும். தோலைக் கண்ணால் பார்ப்பவன் கத்துக்குட்டி, கட்டைவிரலால் பார்ப்பவன்தான் ஆள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். (கேட்டவர்கள் சகித்துக்கொண்டார்கள். வேறு வழி?)

அந்த வலது கட்டைவிரல்தான் ஒருநாள் தோலுக்கு இஸ்திரி போடும் மெஷினில் மாட்டியது. எலும்பு சேர்ந்துவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். மெடிக்கல் போர்டோ, விரல் இருக்கிறது, மடங்குகிறது, ஊனம் ஐந்து சதவீதம் என்று முடித்துவிட்டது. கம்பெனி என்னைக் கேட்டில் உட்கார வைத்து, சம்பளத்தைப் பாதியாக்கியது. அப்பீலில் சதவீதம் ஏறினால் ஆயுசுக்கும் மாதப் பணம் கூடும். ஏறாவிட்டால் மகளின் நர்சிங் படிப்பு நடுவழியில் நிற்கும்.

இதில் யாருக்கும் சொல்லாத ரகசியம் ஒன்று இருந்தது. விரல் அப்படியொன்றும் செத்துப்போகவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மேஜையைத் திருப்பிக் கொடுத்தால் மறுநாளே பிரித்துத் தள்ளிவிடுவேனாம். ஆக, பொய் சொல்லித்தான் பணம் வாங்கப் போகிறோம் என்று மனசு குத்தியது.

பொய்க்கு ஒரு டைரக்டர் வேண்டுமே? என் மனைவியின் தம்பி தேவராஜ் வந்து சேர்ந்தான். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பதினைந்து வருடமாக அவன்தான் ஏரோது ராஜா. அந்த ஒரே தகுதியில் என் அப்பீலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மாமா, கை நடுங்கணும்."

"மரத்துப்போன விரல் எப்படிடா நடுங்கும்?"

"அவங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க ஆட்டுங்க."

(கேட்கப்போவது டாக்டர்கள். அவர்களுக்கு என்ன தெரியுமாம்!) அவனைவிட முட்டாள் நான். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று நடுங்கிப் பழகினேன். வலது கையை ஆட்டினால் இடது கையும் சேர்ந்து ஆடியது.

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கை போச்சுன்னு காட்டச் சொன்னா, பேய் புடிச்ச மாதிரி ஆடுறீங்க!"

விசாரணை வேலூரில். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது தேவராஜ் தலைவலித் தைலத்தை எடுத்து என் கண்ணுக்குக் கீழே அப்பினான். "கண்ணுல தண்ணி வந்தாதான் ஜாஸ்தி போடுவாங்க, மாமா." தண்ணீர் வந்தது. மூக்கிலும் வந்தது. வேலூரில் இறங்கும்போது எனக்குக் கண்ணும் தெரியவில்லை, வாசனையும் தெரியவில்லை.

அறையில் ஒரு அதிகாரியும் இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தேவராஜ் வாசலில் நின்று "ஆட்டு, ஆட்டு" என்று சைகை காட்டினான். நானும் ஆட்டினேன். அப்போது இளைய டாக்டர் சலிப்போடு ஒரு கேள்வி கேட்டார்.

"தோலைப் புரட்டிப் பார்க்கிற வேலைதானே? அதுக்கு எந்த விரலா இருந்தா என்ன?"

ஒரு வார ஒத்திகையும் காற்றில் போயிற்று. நடுங்கிக்கொண்டிருந்த கை நின்றது. மேஜை மேலிருந்த அவருடைய பையைப் பிடித்து இழுத்தேன். முகத்தை வேண்டுமென்றே கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன்.

"செம்மறி ஆட்டுத் தோல். முதல் தரம். எங்க விரலைப் பத்தி இன்னா சார் தெரியும் உங்களுக்கு?"

வாசலில் தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டான். அப்போதுதான் என் காரியம் எனக்கு உறைத்தது. மகளின் படிப்பை என் வாயாலேயே தின்றுவிட்டேன்.

டாக்டர் பையைத் திறந்து, கிழிந்திருந்த ஓரத்தைக் காட்டினார். உள்ளே வெறும் துணி. "ரெக்சினுங்க இது. காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல என் பொண்ணு வாங்கினது."

நம்பாமல் இன்னொரு முறை தடவினேன். அழுத்தித் தடவினேன். விரலில் ஒன்றுமே இல்லை. தோலும் இல்லை, ரெக்சினும் இல்லை. இருபத்திரண்டு வருடப் பெருமையும் அந்தப் பையோடு போயிற்று. அதன்பிறகு வந்த கண்ணீருக்குத் தைலம் காரணமில்லை.

மூத்த டாக்டர் அதிகாரியிடம் மெல்லச் சொன்னார். "நடிக்கிறவன் தெரியலைன்னு சொல்லியிருப்பான். இவர் தெரியும்னு நினைச்சுட்டு இருக்கார், பாவம்."

முப்பது சதவீதம் என்று கடிதம் வந்தது. மகள் இன்று நர்ஸ். மாதாமாதம் போனில் மெசேஜ் வந்ததும், "ரெக்சின் பணம் வந்துடுச்சு!" என்று என் மனைவி தெருவுக்கே கேட்கச் சொல்வாள். தைலம்தான் ஜெயித்தது என்று தேவராஜ் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். யோசித்துப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். மூக்கு வேலை செய்திருந்தால் வாசனையிலேயே ரெக்சின் என்று பிடித்திருப்பேனே!

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் எனக்கு ஒரு பர்ஸ் வாங்கி வருவான். வீடே சுற்றி நின்றுகொள்ளும். "சொல்லுங்க மாமா, தோலா, ரெக்சினா?"

நான் பர்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கத்துக்குட்டியைப் போல.