மூன்று பள்ளிக்கூடங்களைக் கூட்டிவைத்த புளியங்கொட்டை டீச்சர்

கலெக்டர் துரை குதிரையில் வந்தால்கூட நின்று வேடிக்கை பார்க்கிற எங்கள் தெருக்காரர்கள், புளியங்கொட்டை டீச்சர் வருகிறார் என்றால் சந்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். அகப்பட்டால் தீர்ந்தது. "வீட்டுல அஞ்சு வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன் அனுப்பல?" என்று நடுத்தெருவிலேயே விசாரணை.

டீச்சர் மிஷன் பள்ளியில் அரிச்சுவடி வகுப்பு எடுத்தவர். குள்ளமான உருவம், ஆளைவிடப் பெரிய குடை, இடுப்புச் சுருக்குப்பை நிறையப் புளியங்கொட்டை. எழுத்தோ கணக்கோ, அதைத் தரையில் பரப்பித்தான் சொல்லிக்கொடுப்பார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தெருவில் மூன்று பள்ளிக்கூடங்கள். சர்ச்சில் வேதம் போதிக்கும் உபதேசியார் பொறுப்பில் மிஷன் பள்ளி, பிள்ளைவாள் மானேஜராக இருந்த சைவப் பள்ளி, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பை நடத்திய பள்ளி. இந்த மூவரும் எதிரெதிரே வந்தால் ஆகாயத்தில் பருந்து தேடுவார்கள். மூன்று பள்ளிக்கும் பொது, அரிச்சுவடி வகுப்பின் அழுகைதான். சைவப் பள்ளியில் அந்த வகுப்புக்கு நான் வாத்தியார். வயது இருபத்திரண்டு. சில நாள் நானும் சேர்ந்து அழலாமா என்று தோன்றும்.

ஒருநாள் வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "அடுத்த தடவையும் இப்படி இருந்தால் மூன்று இடத்திலும் இந்த வகுப்பை மூடிவிடுவேன்" என்று சொல்லிப் போனார்.

மறுநாளே டீச்சர் என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க முற்றத்துல ஆத்து மணல் கெடக்கு. எங்ககிட்ட படம் இருக்கு. லெப்பைகிட்ட கதை இருக்கு. அவங்கவங்க பூட்டி வச்சுக்கிட்டுப் பிள்ளையள அழ விடுதோம்."

"மானேஜர் சம்மதிக்கணுமே, டீச்சர்?"

"கேட்டாத்தானே மாட்டேம்பாரு?"

அடுத்த நாள் காலை, குடை முன்னே வர, மிஷன் பிள்ளைகள் வரிசையாக எங்கள் முற்றத்தில் நுழைந்தார்கள். வருகிற வழியில் லெப்பையின் பிள்ளைகளையும் டீச்சர் வாரிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் லெப்பை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

பிள்ளைவாள் துண்டு நழுவ வெளியே பாய்ந்தார். "யாரக் கேட்டு இங்கன கூட்டிட்டு வந்தீய?"

"பைய பேசுங்க அண்ணாச்சி. இத்தன பிள்ளைய இருக்கே, ஒண்ணாவது அழுதா?"

உண்மைதான். எல்லாம் மணலில் உட்கார்ந்து புளியங்கொட்டையால் 'அ' போட்டுக்கொண்டிருந்தன. பிள்ளைகளை மீட்க வந்த லெப்பைக்கோ, அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கண்டதும் கை கால் நிற்கவில்லை. ஒட்டகமும் நரியும் ஆற்றைக் கடந்த கதையை ஆரம்பித்துவிட்டார். ஒட்டகம் கத்திய கத்தலில் தெருக்கோடி வண்டி மாடுகள் மிரண்டன. பாதிக் கதையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, சத்தம்போட வந்த பிள்ளைவாள் தவித்துப்போனார்.

"பெறவு அந்த நரி என்னாச்சு வே?"

பல வருஷத்துக்குப் பிறகு அவர் லெப்பையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அதன்பின் தினமும் வகுப்பு எங்கள் முற்றத்தில்தான். உபதேசியாரும் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்து நின்றார். யார் எந்தப் பள்ளி என்று பிள்ளைகளைப் பிரிக்க முடியவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய எங்கள் பையனைப் பாடச் சொன்னார். அவன் பிள்ளையார் பாட்டைப் பிசகில்லாமல் பாடி, "ஆமென்" என்று முடித்தான். மிஷன் பிள்ளை ஒன்று கேட்காமலே ஒட்டகமாகக் கத்தியது.

"உன் வாத்தியார் யார்?" என்று ஒரு சிறுமியைக் கேட்டார்.

"இவிய எல்லாரும்" என்று எங்கள் ஐந்து பேரையும் காட்டினாள்.

இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியது. பிள்ளைவாள் எழுந்தார்.

"ஐயா, முறை தப்புனது நாங்கதான். ஆனா பிள்ளைய அழல. அதையும் சேர்த்து எழுதிக்கிடுங்க."

லெப்பையும் உபதேசியாரும் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் எழுதினார். வகுப்பு நடக்கலாம், மூன்று பள்ளி ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இரண்டு வருஷம் கழித்து மிஷன்காரர்கள் அவரைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்கள். யாரும் வழியனுப்ப வரக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. ரயிலடியில் பிள்ளைவாள் நின்றார், சம்பந்தியை எதிர்பார்க்கிறாராம். லெப்பை பார்சல் வாங்க வந்தாராம். உபதேசியார் ரயில் நேரம் விசாரிக்க வந்தாராம். நானும் வேறு வேலையாகத்தான் போயிருந்தேன். என்ன வேலை என்று சொல்ல இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல பொய் எனக்குக் கிடைக்கவில்லை.