நிரல் நாட்டின் முன்வரிசை

மூன்று பக்கமும் மலை மறைத்து நிற்க, நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு நீண்ட தெருவைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் நாடு என்றொரு நாடு இருந்தது. அந்தத் தெருதான் அந்நாட்டுக்குச் சந்தை, செய்தித்தாளும் அதுவே. ஒருபுறம் சக்கரம் வைத்த கடைகள் நின்றன. மறுபுறம், மக்கள் தங்கள் செய்தியை எழுதி நட்டுவைக்கும் மரப்பலகைகள் நின்றன.

அந்நாட்டார் மிகுந்த மரியாதைக்காரர்கள். ஒரு கடையில் நின்று விலை கேளாமல் கடந்து போவதும், ஒரு பலகையை முடிவுவரை படிக்காமல் நகர்வதும், வணங்கியவருக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் போவதற்கு ஒப்பான குற்றம் என்று பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். ஆகையால் நுழைவாயிலில் தொடங்கி ஒவ்வொன்றிலும் நின்று நின்று, கூடை நிறைந்ததும் அல்லது வெயில் ஏறியதும் வீடு திரும்பிவிடுவார்கள். தெருவின் கடைசியைக் கண்டவர் அரிது. முன்பெல்லாம் இதனால் ஒரு கேடும் விளையவில்லை. விடியலில் யார் முதலில் வருகிறாரோ அவரே முன்னால் நின்றார். மறுநாள் அவர் தூங்கிவிட்டால் பின்னால் போனார்.

புதிதாகப் பட்டமேறிய மன்னர் இதைக் கேட்டு மனம் வருந்தினார். "ஒரு நாட்டின் முன்வரிசையைச் சேவல் தீர்மானிக்கலாமா?" என்றார். அன்றே வரிசை மன்றம் ஒன்று அமைந்தது. மாண்புமிகு முறைவழுவார் அதன் தலைவரானார்.

மன்றத்தின் முதல் ஆணை மிகப் பெருந்தன்மையானது. மனம் குளிரச் செய்யும் பொருளும் செய்தியும் முன்னால் நிற்கும். மற்றவை அவற்றைத் தொடர்ந்து நிற்கும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அரசியாரின் அத்தர்க் கடையும், தலைவரின் மைத்துனருடைய அல்வாக் கடையும் நுழைவாயிலில் நின்றன. எதிரே முதல் பலகையில், "மன்னரின் மயில் நேற்று தோகை விரித்தது" என்று எழுதியிருந்தது.

நிலவேம்பு விற்கும் பொன்னுருவியின் கடை தெருவின் கோடிக்குப் போயிற்று. கசப்பு மனத்தைக் குளிர்விப்பதில்லை அல்லவா? கடை போனதைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படவில்லை. அவள் கவலையெல்லாம் தன் பலகையைப் பற்றித்தான். அரண்மனைக் குதிரை லாயத்தின் சாக்கடை கிழக்குக் குளத்தில் கலந்துவிட்டது. குளத்தங்கரைக் கிழக்குத் தெருவில் குடியிருக்கும் அவள் தங்கை நல்லம்மையின் குழந்தை, வாந்தியும் கழிச்சலுமாகத் துவண்டு கிடந்தது. அந்தத் தெருவில் இரண்டு சிறு பாடைகள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டன. "கிழக்குக் குளத்து நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று பொன்னுருவி எழுதி நட்ட பலகை, அவள் கடைக்கு எதிரே, காக்கை மட்டும் படிக்கும் இடத்தில் நின்றது.

அவள் மன்றத்துக்குப் போனாள்.

"ஐயா, என் பலகையைக் கொஞ்சம் முன்னால வைக்கணும். சின்னப் பிள்ளைங்க சாகுதுங்க."

முறைவழுவார் பலகையின் படியை வாங்கிப் படித்தார். "இதைப் படிப்பவர் முகத்தில் புன்னகை அரும்புமா, அம்மணி?"

"அரும்பாதுங்க. உயிர் தங்கும்."

"அது மருத்துவத் துறை. நாம் வரிசைத் துறை." அவர் படியைத் திருப்பித் தந்தார். "எனினும் மன்றம் பிடிவாதமானதன்று. இனி வரிசையை மக்களே தீர்மானிப்பார்கள்."

இரண்டாம் ஆணைப்படி ஒவ்வொரு பலகைக்கும் கடைக்கும் முன்னால் ஒரு பானை வைக்கப்பட்டது. நுழைவாயிலில் ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை கொடுத்தார்கள். நின்ற இடத்தில் ஒன்று போடவேண்டும். எந்தப் பானை நிறைகிறதோ அது முன்னால் வரும். மரியாதைக்கார மக்கள் முதல் பானையில் ஒன்று, இரண்டாம் பானையில் ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். அல்வாக் கடையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் எல்லார் கையும் காலியாயிற்று. பொன்னுருவியின் பானையில் ஒரு சிலந்தி குடியேறியது.

"உங்கள் செய்தியை மக்கள் விரும்பவில்லை" என்றார் முறைவழுவார், உண்மையான அனுதாபத்துடன்.

"பாக்கவே இல்லையேங்க. பாக்காததை எப்படிங்க விரும்புவாங்க?"

"விரும்பியிருந்தால் பார்த்திருப்பார்களே!"

பக்கத்தில் நின்ற எழுத்தர், "என்ன ஒரு தெளிவு" என்று முணுமுணுத்தார். பிறகு பொன்னுருவியிடம் தாழ்ந்த குரலில், "அக்கா, நேராச் சொன்னா வேலைக்கு ஆகாது. ராசாவை நாலு வார்த்தை புகழ்ந்துட்டு, அதோட ஒட்டிவிடுங்க" என்றார்.

அவள் அப்படியே எழுதினாள். "கருணைக் கடலாம் நம் மன்னர் நீடூழி வாழ்க! அவர் குடிகளும் வாழ, கிழக்குக் குளத்து நீரைக் காய்ச்சிக் குடிக்க." மன்றம் மகிழ்ந்தது. பலகை மறுநாளே முதல் இடத்துக்கு வந்தது. ஆனால் முன்வரிசையில் இடம் நெருக்கடி என்பதால் அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்திருந்தார்கள். மன்னர் வாழ்க என்ற பாதி நுழைவாயிலில் நின்றது. அதன் கீழே, "தொடர்ச்சி தெருவின் கோடியில்" என்று சிவப்பு மையில் கண்டிருந்தது.

அன்று பொன்னுருவி கடையைச் சாத்தினாள். நிலவேம்பை மடியில் கட்டிக்கொண்டு கிழக்குத் தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க, தாயி. இதைக் கஷாயம் போட்டுப் பிள்ளைக்குக் கொடுங்க." அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. வாசலுக்கு வந்து சொல்பவரைப் பாதியில் நிறுத்துவதும் அந்நாட்டில் மரியாதை இல்லை. எல்லாரும் முழுதாகக் கேட்டார்கள். அடுப்புகள் எரிந்தன. நல்லம்மையின் குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. பாடைகள் புறப்படுவது நின்றது.

அரண்மனை மாடத்திலிருந்து முறைவழுவார் அந்தப் புகையைக் கண்டார்.

"கிழக்கே ஏன் இத்தனை புகை?"

"தண்ணீர் காய்ச்சுகிறார்கள், தலைவரே" என்றார் எழுத்தர்.

"எந்தப் பலகையைப் பார்த்து?"

"பலகை இல்லைங்க. ஒரு பெண்பிள்ளை வீடு வீடாப் போய்ச் சொன்னாளாம்."

தலைவர் வெகுநேரம் சிந்தித்தார். "வரிசையில் நில்லாத செய்தி, செய்தியன்று, வதந்தி" என்றார். "போகட்டும். இப்போது அங்கே நோய் உண்டா?"

"ஒருவருக்கும் இல்லைங்க."

"அப்படியானால் அதை எழுதுங்கள்."

மறுநாள் முதல் பலகையில் பொன் வண்ணத்தில் எழுத்துகள் மின்னின. "கிழக்குக் குளத்து நீரால் எவர்க்கும் நோயில்லை. மன்றத்தின் சீரிய வரிசைக்கு இதுவே சான்று. குளத்து நீர் அமுதம், அச்சமின்றிப் பருகுக." பானை முற்பகலுக்குள் நிறைந்து வழிந்தது.

தெருவுக்குள் நுழைந்த பொன்னுருவியும் அதன்முன் நின்றாள். பாதியிலேயே ஓட நினைத்தாள், பழக்கம் விடவில்லை. முற்றுப்புள்ளிவரை படித்துவிட்டுத்தான் ஓடினாள்.

கிழக்குத் தெருவில் புகை இல்லை. நல்லம்மை குளத்துக் குடத்தைச் சாய்த்துக் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை இரு கையையும் நீட்டியபடி காத்திருந்தது.

பொன்னுருவி குவளையைப் பறித்தாள். "அடுப்பை ஏன்டி அணைச்சே?"

"விறகு என்ன சும்மாவா வருது? முதல் பலகையில போட்டிருக்கான்ல, பாக்கலையா நீ?"

"அது பொய்யிடி. நான் சொன்னதைக் கேட்டுத்தானே உன் பிள்ளை பொழைச்சது?"

நல்லம்மை அக்காளைக் கோபமில்லாமல், ஏறக்குறைய இரக்கத்துடன் பார்த்தாள்.

"சரிக்கா. நீ சொன்னது எத்தனாவது பலகையில இருக்கு?"

பொன்னுருவி குவளைத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதத் தொடங்கினாள். தங்கையின் கேள்விக்கு நிரல் நாட்டில் யாராவது பதில் எழுதியிருக்கக்கூடும். எழுதியிருந்தால் அது தெருவின் கோடியில்தான் நிற்கும். நாம் இன்னும் அவ்வளவு தூரம் நடக்கவில்லை.