பேலன்ஸ் வயர்

இனிமேல் பொண்டாட்டி தயவில்லாமல் பாட்டுக் கேட்பது என்று தாணுலிங்கம் சபதம் எடுத்தார். எடுத்த இடம் அவர் வேலை பார்க்கும் துறைமுகத்துக் கிட்டங்கி. கேட்டவை சிமெண்டு மூட்டைகள். வீட்டில் சபதம் எடுக்கிற தைரியம் அவருக்குக் கிடையாது.

சங்கதி இதுதான். அவருடைய ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்பிளிபயருக்குப் போனது ஒத்தை வயர். நாதஸ்வரத்தோடு 'ஙொய்' என்று ஓர் இரைச்சலும் சேர்ந்து வாசிக்கும். பிளேயர் தகரத்தில் யாராவது கை வைத்தால்தான் அடங்கும். அவரே வைக்கலாம்; ஆனால் சாய்வு நாற்காலி தூரத்தில் இருந்தது. ஆகவே சாயங்காலம் ஆனால், "ஏளா, வந்து பிடி" என்பார். இசக்கியம்மாள் வந்து பிடிப்பாள். கை தகரத்தில் இருக்கும். வாய் விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீடுவரை போய்வரும். அந்த இரைச்சலை அடக்கத்தான் வழியில்லை.

மைக்செட் கடை ஜேசுபாதம் வழி சொன்னார். "பேலன்ஸ் வயர் போடுங்க அண்ணாச்சி. உள்ள ரெண்டு கம்பி. ஒண்ணுல பாட்டு நேராப் போவும், ஒண்ணுல தலைகீழாப் போவும். இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏறி, கடைசில தன்னால அடிச்சிக்கிட்டுச் செத்துரும். பாட்டு மட்டும் மிஞ்சும்."

"எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு அடிச்சிக்கிடுதோம். பாட்டு மிஞ்சக் காணோமே!"

ஜேசுபாதமே வந்து மாட்டினார்; கை வைப்பதற்குப் பதிலாகப் பிளேயர் தகரத்திலிருந்து ஆம்பிளிபயருக்கு ஓர் எர்த்துக் கம்பியும் இழுத்துவிட்டுப் போனார்.

"என்ன வயரு இது?" என்றாள் இசக்கியம்மாள்.

"பேலன்ஸ் வயரு. இனிமே நீ பிடிக்க வேண்டாம்."

"பேலன்ஸுன்னா மிச்சம்லா? அப்ப மிச்சம் நாந்தான்." அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. முதல் நாள் தாணுலிங்கம் ராஜா. இரண்டாம் நாள், "கேட்டியா?" என்று திரும்பினார்; சுவர்தான் இருந்தது. நாலாம் நாள் ரெக்கார்டு நின்றதும் வீடே காலியாகக் கிடப்பதுபோல் இருந்தது. அடுக்களையில் பாக்கு வெட்டும் சத்தம் மட்டும். மகள் போனபின் வீட்டில் இருந்ததே இரண்டு குரல். ஒன்றைத் தானே ஆள் வைத்து நிறுத்திவிட்டோமே என்று உறைத்தது. கூப்பிடலாம்தான். என்ன சொல்லிக் கூப்பிட? சும்மா வந்து உட்கார் என்று முப்பது வருஷத்தில் ஒருநாள் சொன்னதில்லை.

எட்டாம் நாள் வேலைவிட்டு வந்தவர், அவள் கொல்லையில் துணி எடுக்கிற நேரம் பார்த்து, ஆம்பிளிபயர் பின்னால் எர்த்துத் திருகாணியைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டார். ஙொய்! கப்பல் சங்கு தோற்றது.

"ஏளா, இந்தப் பாழாப்போன வயரும் இரையுது. வந்து பிடி!"

வந்தாள். பிடித்தாள். ஒரு வாரச் சேதியையும் பேசினாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது. நாதஸ்வரம் ஒரு சுரம்கூட அவர் காதில் விழவில்லை. சுகமாக இருந்தது.

அவள் சோறு எடுத்துவைக்கப் போனதும், தடயத்தை மறைக்கத் திருகாணியை மறுபடி முடுக்கினார். அவள் கையெடுத்ததும் எழுந்த இரைச்சல் அடங்கவில்லை. எர்த்துக் கம்பியைத் தடவிக்கொண்டே பிளேயர் பக்கம் போனார். அந்த முனை துண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் பாக்குத் தூள்.

"ஏளா, இது..."

"நீங்க கழட்டுவீய, கழட்டுவீயன்னு ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன்" என்றாள், சோற்றுத் தட்டை வைத்தபடி. "உங்களுக்குச் சாமர்த்தியம் காணாது. அதான் காலையில நானே பாக்குவெட்டிய எடுத்துட்டேன்."